குறிஞ்சி காணாத ஊரில் ஆங்கிலக் கவிதை

(தஞ்சாவூரில் ஆங்கில இலக்கிய ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

காவிரிப் படுகையின் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும், தஞ்சை சரபோஜி கல்லூரியிலும், பூண்டி புஷ்பம் கல்லூரியிலும், மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் இலக்கியம் படிக்க வருகிறவர்களில் பலர் பள்ளிப் படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர்கள். தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் அவர்களில் நிறைய உண்டு. அவர்கள் தடுமாறுவது ஏன் என்று கேட்டால் இரண்டு விடைகள் உடனே கிடைக்கின்றன. ஒன்று, அவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை. மற்றொன்று, அந்தக் கவிதைகளின் உலகம் அவர்கள் அறியாதது; டாஃபடில் பூவையும் பனிப்பொழிவையும் நைட்டிங்கேல் பறவையையும் பார்க்காத மன்னார்குடிப் பெண்ணுக்கு அவை எப்படிப் புரியும் என்பது. முதல் விடையில் உண்மை இருக்கிறது, அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது விடை தவறானது என்று கருதுகிறேன். நம் வகுப்பறைகளை நெடுங்காலமாகத் திசைமாற்றி வைத்திருப்பதும் அந்தத் தவறுதான்.

இந்த மண் மருத நிலம். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை, அடுத்து சம்பா, தாளடி என்று வயலோடு ஓடுகிற வாழ்க்கை. இங்கே மலை கிடையாது. குறிஞ்சிச் செடி நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. திருத்துறைப்பூண்டியில் பிறந்து வளர்ந்த மாணவி அதைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தினைப்புனம் அவள் கண்டதில்லை. பரண்மேல் நின்று கிளி ஓட்டும் பெண்ணைக் கண்டதில்லை. ஆனாலும் தமிழ் வகுப்பில் குறுந்தொகைப் பாட்டு ஒன்றை எடுத்து, ஒருத்தி தினைப்புனம் காக்கிறாள் என்று ஆசிரியர் சொன்ன உடனே, அங்கே ஒருவன் வரப்போகிறான், களவு நடக்கப்போகிறது என்று அவள் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறாள். மலையையே பார்க்காதவளுக்கு இது எப்படிக் கைகூடியது? முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பள்ளியிலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எந்த நிலம், எந்தப் பொழுது, எந்தப் பறவை என்பதெல்லாம் எந்த உணர்வைச் சுமந்து வருகின்றன என்ற மரபு அவள் கையில் இருக்கிறது. காணாத பூவை அந்த மரபு அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. ஆகவே டாஃபடிலைப் பார்க்காததால் வேர்ட்ஸ்வொர்த் புரியவில்லை என்றால், குறிஞ்சியைப் பார்க்காததால் கபிலரும் புரிந்திருக்கக் கூடாது. கபிலர் புரிகிறார். அப்படியானால் ஆங்கில வகுப்பில் குறைவது பூ அல்ல. அந்தப் பூவைக் கவிதையில் வைக்கிற மரபை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. மாணவியிடம் ஏற்கெனவே இருக்கிற மரபைத் தொடவும் இல்லை.

இதற்குச் சான்றாக ஒரே ஒரு கவிதையைச் சற்று நின்று பார்க்கலாம். இந்தியப் பாடநூல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றுள்ள வேர்ட்ஸ்வொர்த்தின் ‘சாலிட்டரி ரீப்பர்’, 1807இல் வெளியானது. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் ஒரு பெண் தனியே கதிர் அறுத்துக்கொண்டே பாடுகிறாள். அவள் பாடுவது அந்த மலைநாட்டு மொழியான கேலிக்கில். கேட்கிறவனுக்கு அந்த மொழி தெரியாது. அவள் என்ன பாடுகிறாள் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிறான். பழைய துயரங்களைப் பாடுகிறாளா, அன்றாட வருத்தத்தைப் பாடுகிறாளா என்று ஊகித்துப் பார்க்கிறான். பாட்டை நெஞ்சில் சுமந்துகொண்டு மலையேறிப் போகிறான். இதை எழுதியவர் அந்தப் பெண்ணை நேரில் பார்த்து எழுதவில்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. தாமஸ் வில்கின்சன் என்ற நண்பர் எழுதி வைத்திருந்த பயணக் குறிப்பின் கையெழுத்துப் படியில் வந்த ஒரு வாக்கியம்தான் தம் கவிதைக்கு வித்து என்று வேர்ட்ஸ்வொர்த்தே அச்சில் குறிப்பிட்டிருக்கிறார். 1803இல் தம் தங்கை டாரத்தியோடு ஸ்காட்லாந்தைச் சுற்றிவந்தவர்தான் அவர். ஆனால் இந்தக் கவிதை பிறந்தது படித்த ஒரு வரியிலிருந்து. அதே கவிதையில் அவர் அரேபிய மணல்வெளியில் களைத்த பயணிகளுக்காகப் பாடும் நைட்டிங்கேலையும் கொண்டுவருகிறார். அரேபியாவுக்கு அவர் போனதே இல்லை. நம் உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டுக்கு மழையும் வெள்ளமும் நெல்வயலும் கொடுத்தாரே, அதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. இருவருமே மரபின் கண்ணால் ஒரு நிலத்தைப் பார்த்தார்கள். கவிஞனுக்கே நேரில் காண்பது கட்டாயமாக இல்லாதபோது, மாணவிக்கு மட்டும் அதை ஏன் கட்டாயமாக்குகிறோம்?

சரி, மரபைக் கொண்டு இந்தக் கவிதையை எப்படித் திறப்பது? சங்கப் பாடல் ஒவ்வொன்றின் கீழும் பழையவர்கள் ஒரு குறிப்பு எழுதி வைத்தார்கள்: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று. கூற்று என்று நாம் சொல்வது அதைத்தான். தமிழ் மாணவிக்கு இது பழகிய கேள்வி; தோழி கூற்றா, தலைவி கூற்றா, செவிலி கூற்றா என்று பரீட்சையிலேயே எழுதியிருப்பாள். அந்தக் கேள்வியை ‘சாலிட்டரி ரீப்பர்’ மேல் வைத்துப் பார்த்தால் உடனே ஒன்று தட்டுப்படும். இந்தக் கவிதை ஒரு ஏவலோடு தொடங்குகிறது. அவளைப் பார், இங்கே நில், இல்லையென்றால் ஓசைப்படாமல் கடந்து போ என்று பேசுகிறவன் யாருக்கோ சொல்கிறான். யாருக்கு? கூட வந்தவருக்கா, வழிப்போக்கருக்கா, படிக்கிற நமக்கா? கடையில் விற்கிற கைடுகள் ‘கவிஞர் இயற்கையை வியக்கிறார்’ என்று முதல் வரியிலேயே முடித்துவிடுவதால் இந்தக் கேள்வியே எழுவதில்லை. நம் அக மரபில் கண்டோர் கூற்று என்று ஒன்று இருக்கிறது. உடன்போக்கில் செல்லும் காதலர் இருவரைச் சுரத்திடையே காண்கிறவர்கள், அவர்கள் யாரோ என்று இரங்கியும் வியந்தும் பேசும் பாடல்கள் அவை. பேசுகிறவருக்குக் கதையில் பங்கில்லை. பார்த்ததும் மனம் அசைந்ததும் மட்டுமே அவர் செய்தது. வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை அப்படிப்பட்ட கண்டோர் கூற்று. இதைச் சொன்னால் போதும், தமிழ் படித்த மாணவி அந்தக் கவிதையின் வாசலில் தயங்கி நிற்கமாட்டாள்.

இங்கே நியாயமான ஒரு தடை எழலாம். ஆங்கிலக் கவிதையைத் தமிழ்ச் சிமிழுக்குள் அடைத்தால் அதன் வேற்றுத்தன்மை போய்விடாதா, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்ற வெற்றுப் பெருமிதத்தில் முடிந்துவிடாதா என்று. ஒப்பிடுவதைப் பாதியில் நிறுத்தினால் அப்படித்தான் ஆகும். முழுவதும் போனால் நேர்மாறாக நடக்கிறது. நம் கண்டோர் பேசும்போது பேச்சின் பொருள் அந்தக் காதலர்கள்தான். கண்டவருக்குப் பெயரும் இல்லை, அவர் மனத்தின் வரலாறும் நமக்கு வேண்டியதில்லை. வேர்ட்ஸ்வொர்த்திடம் அறுக்கிற பெண் மெல்ல மறைகிறாள். அவள் முகம், அவள் ஊர், அவள் யார் மகள் என்பது எதுவும் வருவதில்லை. கடைசியில் எஞ்சுவது கேட்டவனின் நெஞ்சும் அதில் தங்கிய இசையும். அக மரபில் தலைவிக்குப் பேச்சு உண்டு. இங்கே அறுக்கிற பெண்ணுக்குக் குரல் மட்டும் உண்டு, பேச்சு இல்லை. தன்னுணர்வையே கவிதையின் மையமாக்கிய ஆங்கிலக் கற்பனைவாதத்தின் புதுமை என்ன என்று பத்துப் பக்கம் நோட்ஸ் எழுதவைத்தும் விளங்காதது, இந்த வேறுபாட்டைக் காட்டினால் விளங்கும். ஒற்றுமையைக் கொண்டு உள்ளே அழைத்துப் போனவர்கள் வேற்றுமையைக் காட்டாமல் திரும்பக் கூடாது. அதுதான் இந்த முறையில் ஆசிரியரின் உழைப்பு.

இன்னொரு சான்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராபர்ட் பிரௌனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’, 1842. இளங்கலை வகுப்பில் மாணவர்கள் மிகவும் திணறுகிற கவிதைகளில் ஒன்று. ஒரு பிரபு தன் இறந்துபோன மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே போகிறான். எதிரில் இருப்பவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் புதிய திருமணம் பேச வந்த தூதன் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அந்த மனைவிக்கு என்ன நேர்ந்தது என்பதை நாமே ஊகிக்க வேண்டும். ஒருவரே பேசி, எதிரில் ஒருவர் கேட்டு, சொல்லாததைச் சொன்னதிலிருந்து உணரவைக்கும் இந்த வடிவம் நம் மாணவிக்குப் புதிதா? அகப்பாடல்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட தனிக்கூற்றுகள்தாம். 1967இல் வெளியான தம் குறுந்தொகை மொழிபெயர்ப்பின் வழியே ஏ.கே. ராமானுஜன் உலக வாசகருக்கு இதைப் புலப்படுத்தினார். நம்மிடம் இதைவிட நுட்பமான ஏற்பாடும் உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் நிற்பது தெரிந்தே, அவன் காதில் விழட்டும் என்று தலைவி தோழியிடம் பேசுவாள். சிறைப்புறம் என்று அதற்குப் பெயர். பேசப்படுகிறவர் ஒருவர், உண்மையில் கேட்க வேண்டியவர் வேறொருவர். இதைப் பதினாறு வயதில் புரிந்துகொண்ட பெண்ணுக்குப் பிரௌனிங்கை ‘இது நாடகத் தனிமொழி, இதன் இலக்கணம் ஐந்து’ என்று பட்டியல் போட்டு எழுதவைப்பது அவளது அறிவை மதிக்காத செயல்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியது அன்று. அரபு பேசும் நாடுகளின் பல்கலைக்கழகங்களில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறவர்கள் ஏறத்தாழ இதே குறைகளைத்தான் சொல்கிறார்கள்: மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், கதைச் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள், சொந்தமாக ஒரு கருத்தைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்று. அங்குள்ள நிலைமையை ஒப்பிட்டுப் பார்க்க நமக்குத் தனிக் காரணம் இருக்கிறது. சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலறிஞர் 1959இல் இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்கொண்ட நான்கு எடுத்துக்காட்டுகளில் அரபு ஒன்று. வீட்டிலும் கடைத்தெருவிலும் ஒரு அரபு, பள்ளியிலும் நூலிலும் வேறொரு அரபு. தமிழும் அப்படியே. அதனால் அலெக்சாண்ட்ரியா மாணவனும் ஆடுதுறை மாணவியும் ஆங்கில வகுப்புக்கு வரும்போது, பேசும் மொழி ஒன்று, எழுதும் மொழி ஒன்று என்று ஏற்கெனவே இரண்டைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். ஆங்கிலம் மூன்றாவது சுமை. ஆனால் அந்த இரண்டாவது மொழியில்தான் அவர்களின் இலக்கியப் பயிற்சியும் இருக்கிறது. அந்த நாடுகள் நமக்கு எட்டாத தொலைவும் அல்ல. அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் கூத்தாநல்லூரிலும் வளைகுடாவோடு உறவில்லாத தெருவைக் காண்பது அரிது.

அரபு மாணவனின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதைகளில் ஒரு மரபு உண்டு. காதலியின் கூட்டத்தார் கூடாரம் அடித்துத் தங்கியிருந்து கைவிட்டுப்போன இடத்தில் கவிஞன் நிற்பான். மணலில் மங்கிய தடங்களைப் பார்த்து அழுவான். பிறகுதான் பயணத்துக்கும் வீரத்துக்கும் போவான். இம்ருல் கைஸின் நெடும்பாட்டு அப்படித்தான் தொடங்குகிறது. இந்த மரபு தெரிந்த மாணவன் கையில் ஷெல்லியின் ‘ஓசிமாண்டியஸ்’ கவிதையைக் கொடுத்தால், 1818இல் வந்த அந்த ஆங்கிலப் பதினான்கு வரியைப் பாழிடத்தின் முன் நிற்கும் கவிதையாக அவனால் உடனே வாசிக்க முடியும். அந்தச் சிலை எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேசுடையது என்பதால் அது அவன் வீட்டுச் செய்தியும்கூட. நம் மாணவி அதே கவிதைக்கு வேறொரு வழியில் போகலாம். பாரியின் பறம்பு வீழ்ந்தபின் அவன் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பாட்டு கையறுநிலை. இழந்தவர்கள் இழப்பைப் பாடுவது. உலகின் நிலையாமையைச் சொல்லும் பாட்டு காஞ்சி. ‘ஓசிமாண்டியஸ்’ இவற்றில் எது? அந்த மன்னனுக்காகக் கவிஞன் அழுகிறானா, இல்லை அழியாதது எதுவும் இல்லை என்று காட்டுகிறானா? வகுப்பில் இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். பதில் தேடுகிறவர்கள் கவிதையின் ஒவ்வொரு சொல்லுக்கும், அதன் தொனிக்கும் திரும்பத் திரும்பப் போகத்தான் வேண்டும். ஆங்கிலம் அங்கே வளர்கிறது.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த முதல் விடைக்கு வருகிறேன். மாணவர்களுக்கு ஆங்கிலம் போதவில்லை. இந்நிலையில் வகுப்பில் தமிழைக் கொண்டுவந்தால் இருக்கிற கொஞ்சமும் போய்விடாதா என்பது பெற்றோரும் ஆசிரியரும் மனதார எழுப்புகிற தடை. ஆங்கிலம் படித்தால்தான் பிள்ளை வயலைவிட்டு வெளியே வரும் என்று நம்பிக் கடன் வாங்கிப் படிக்கவைக்கிறவர்களின் கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் நம் வகுப்புகளில் தமிழ் இல்லாமல் இருக்கிறதா? பல வகுப்புகளில் நடப்பது என்ன? நாடகத்தின் கதையை ஆசிரியர் பேச்சுத் தமிழில் சொல்கிறார். பிறகு ஆங்கிலத்தில் நோட்ஸ் எழுதவைக்கிறார். அதை மாணவர்கள் உருப்போட்டு எழுதுகிறார்கள். தமிழ் முன்பே உள்ளே வந்துவிட்டது. வந்தது கதைச் சுருக்கத்தின் தமிழ். சிந்தனையின் தமிழ் மட்டும் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. நான் கேட்பது அதை உள்ளே விடுவதை. கூற்று, துறை, உள்ளுறை, இறைச்சி என்ற நம் மரபின் கருவிகளைக் கொண்டு யோசித்துவிட்டு, யோசித்ததை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல்ல ஏதாவது இருக்கிறவருக்குத்தான் வாக்கியம் வேண்டியிருக்கிறது. உருப்போட்ட வாக்கியத்தில் பிழை குறைவாக இருக்கலாம். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தை அவளால் எழுத முடியாது.

முன்னாளில் எப்படிக் கற்றார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. 1854இல் பள்ளியாகத் தொடங்கி 1867இல் கல்லூரியாக உயர்ந்த கும்பகோணம் கல்லூரி, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயரெடுத்தது. வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரியாரின் ஆங்கிலத்தை ஆங்கிலேயரே வியந்தார்கள். அவர்கள் எல்லாம் தமிழ் மரபைப் பிடித்துக்கொண்டா ஆங்கிலம் கற்றார்கள் என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து வகுப்பில் இருந்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒருசில சாதிகளைச் சேர்ந்த ஆண்பிள்ளைகள். காவியமும் இலக்கணமும் காதில் விழுந்துகொண்டே இருக்கிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். வேறொரு மொழியின் இலக்கியப் பயிற்சி அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்தது. ஆங்கிலத்தை அதன் மேல் ஏற்றிக்கொண்டார்கள். இன்றைய மாணவிக்கு அந்தப் பயிற்சியை வீடு தரவில்லை, பள்ளித் தமிழ் வகுப்பு தந்திருக்கிறது. அதையும் ஆங்கில வகுப்பு ஒதுக்கிவிட்டால் அவள் வெறுங்கையோடு நிற்பாள்.

அதே கும்பகோணத்தின் வரலாறு எனக்குச் சாதகமாக இன்னொன்றையும் சொல்கிறது. 1880இல் உ.வே. சாமிநாதையர் அந்தக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். ஷேக்ஸ்பியரும் மில்டனும் நடந்த அதே கட்டடத்தில் அவர் அந்தாதியும் கோவையும் நடத்தினார். அவர் கற்றது திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு. ஒரு செய்யுளை உரக்கப் படித்து, நிறுத்தி, பொருள் கேட்டு, மறுபடி படிக்கிற முறை. அந்த ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த, ஆங்கிலக் கல்வி பெற்ற சேலம் இராமசுவாமி முதலியார் அவரைக் கேட்ட கேள்வியில்தான் சீவக சிந்தாமணியின் தேடல் தொடங்கியது. 1887இல் அது அச்சேறியது. சங்க நூல்களின் பெரும்பகுதி அதன்பின் வெளிவந்தது. இரு வேறு கல்விமுறையில் வளர்ந்த இருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதன் விளைவு அது. அதற்கும் முன்பே இந்தத் தஞ்சையில் சுவார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர்கள் இருவர் இதைச் செய்துகாட்டினார்கள். மன்னர் சரபோஜி சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளின் பக்கத்திலேயே ஐரோப்பிய நூல்களைச் சேர்த்துவைத்தார். ஜான்சனின் அகராதியின் 1784ஆம் ஆண்டுப் படி இன்றும் அங்கே இருக்கிறது. வேதநாயகம் சாஸ்திரியார் பைபிளின் கதையைக் குறவஞ்சியில் வைத்துப் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். புதிய பொருளைப் பழகிய வடிவத்தில் வாங்கிக்கொள்வது இந்த ஊருக்குக் கைவந்த வேலை. ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் ஒரே வராந்தாவில் அடுத்தடுத்து இருந்தும் ஒன்றின் பாடத்திட்டத்தை மற்றொன்று புரட்டிப் பார்க்காத நிலை பிற்காலத்து ஏற்பாடு.

மரபு, மரபு என்று பேசினால் டெல்டாவின் வாழ்க்கைக்கு வகுப்பில் இடமே இல்லையா என்று இளைய ஆசிரியர்கள் கேட்கலாம். இருக்கிறது, மரபு திறந்தபின் அது தானாக உள்ளே வரும். மறுபடியும் அந்த அறுக்கிற பெண்ணிடம் போவோம். இந்தப் பகுதியில் யாரும் தனியாக அறுப்பதில்லை. அறுவடை இயந்திரம் வருவதற்கு முன்பு அது ஆட்கள் கூடிச் செய்கிற வேலை. நடவும் வரிசையாகப் பெண்கள் நின்று பாடிக்கொண்டு செய்தது. அந்தப் பெண்களின் பேத்திதான் இன்று ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். கவிதையில் வரும் பெண் ஏன் தனியாக அறுக்கிறாள், அது யார் வயல், அவளுக்கு என்ன கூலி என்று இந்த மாணவி கேட்டால், அது கவிதைக்கு வெளியே உள்ள கேள்வி என்று ஆசிரியர் தள்ளிவிடக் கூடாது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட ‘தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி’ என்ற நூலில் ஆங்கில நாட்டுப்புறக் கவிதைகளைப் பார்த்து இதையேதான் கேட்டார்: விளைச்சல் இருக்கிறது, விருந்து இருக்கிறது, உழைத்தவர்கள் எங்கே? 1968 டிசம்பர் 25 அன்று கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண் இது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அதிலிருந்து பிறந்தது. இங்கே இருக்கிற மாணவிக்கு வில்லியம்ஸின் கேள்வியை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது இலக்கியக் கேள்விதான் என்று ஒப்புக்கொண்டால் போதும். அவள் அதை நம் மருதப் பாடல்களிடமும் கேட்கட்டும். அங்கேயும் உழவர்களும் அறுப்பவர்களும் பின்னணியில்தான் நிற்கிறார்கள்; முன்னால் நடப்பது ஊரனின் பரத்தமையும் தலைவியின் ஊடலும். தமிழ் மரபைக் கருவியாகப் பயன்படுத்துவது என்றால் அதைக் கேள்விக்கு அப்பால் வைப்பது என்று பொருள் இல்லை.

கடைசியாக, இலக்கியமே எதற்கு, பேச்சு ஆங்கிலமும் வேலைக்கான ஆங்கிலமும் போதாதா என்ற கேள்வி. இதன் பின்னால் வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக இங்கிலாந்தில் நிலைபெறுவதற்கு முன்பே காலனி ஆட்சியின் தேவைக்காக இந்தியாவில் நிலைபெற்றதைக் கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார். அந்தப் பிறப்பை மறைக்க முடியாது. எட்வர்ட் சயீத் 1985இல் வளைகுடா நாடு ஒன்றின் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்குள்ள ஆங்கிலத் துறையை மதிப்பிட்டதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாணவர் எண்ணிக்கையில் அது மிகப் பெரிய துறை. ஆனால் வந்தவர்களில் பலருடைய எண்ணம் விமான நிறுவனத்திலும் வங்கியிலும் வேலை பார்க்க ஆங்கிலம் வேண்டும் என்பதே. அந்த எண்ணத்தில் குற்றம் இல்லை. என் கவலை வேறு. பெருநகரங்களின் வசதியான கல்லூரிகளில் ஷேக்ஸ்பியரை விவாதிக்கிற வகுப்பு தொடரும். டெல்டாவின் அரசுக் கல்லூரியில் மட்டும் நேர்முகத் தேர்வுக்கான வாக்கியங்கள் கற்பிக்கப்படும் என்றால், கூலிக்காரர் மகளுக்கு யோசிக்கிற ஆங்கிலம் வேண்டாம், பதில் சொல்கிற ஆங்கிலம் போதும் என்று நாமே முடிவுசெய்தவர்கள் ஆவோம். அந்த முடிவை எடுக்க நமக்கு உரிமை இல்லை. அதோடு, இரு மொழி இலக்கியத்தையும் நுணுகிப் படித்த ஒருத்திக்கு மொழிபெயர்ப்பு, பதிப்புத் துறை, ஊடகம், ஆசிரியப் பணி என்று கதவுகள் கூடுகின்றனவே தவிரக் குறைவதில்லை.

இவற்றையெல்லாம் செய்ய முடியாமல் தடுப்பது மாணவரும் அல்ல, ஆசிரியரும் அல்ல, வினாத்தாள். நூறு மதிப்பெண்ணில் எழுபத்தைந்து பருவ இறுதித் தேர்வில் இருக்கிறது. அந்தத் தேர்வு பாடத்தில் உள்ள கவிதையின் கருத்தைக் கேட்கிறது. அதற்குக் கைடில் விடை இருக்கிறது. இந்நிலையில் வகுப்பில் சிறைப்புறம் பற்றிப் பேசுகிற ஆசிரியரிடம், ‘அம்மா, இது பரீட்சைக்கு வருமா?’ என்று ஒரு மாணவி கேட்டால் அவளைக் குறைசொல்ல முடியாது. ஆகவே பாடத்திட்டக் குழுவில் அமர்கிற பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. கவிதைத் தாளில் பாடங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். திருவாவடுதுறையில் பாடம் கேட்டதுபோல ஒவ்வொரு கவிதையையும் வகுப்பில் உரக்கப் படித்து, நிறுத்தி, மறுபடி படிக்க நேரம் கொடுங்கள். அடுத்தது, பாடத்தில் இல்லாத சிறிய ஆங்கிலக் கவிதை ஒன்றை வினாத்தாளில் அச்சிடுங்கள். இது யார் கூற்று, யாரிடம், எந்தச் சூழலில், நீங்கள் படித்த தமிழ்ப் பாடல் எதனோடு இது ஒத்தும் மாறுபட்டும் நிற்கிறது என்று கேளுங்கள். பதில் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதற்குப் பதினைந்து மதிப்பெண் வையுங்கள். அந்தக் கேள்விக்குக் கைடு எழுத யாராலும் முடியாது.